வறட்சி, பஞ்சம், பட்டினிச் சாவு: கோடு வரைவோரும் கோட்டுக்கு வெளியே நிற்போரும்

கேள்வியும் அதன் எல்லையும்

1873ஆம் ஆண்டு பீகாரில் பருவமழை பொய்த்தது. அன்று வங்காள மாகாணத்தைச் சேர்ந்திருந்த அப்பகுதியில் நிவாரணப் பொறுப்பை ஏற்ற ரிச்சர்ட் டெம்பிள், பர்மாவிலிருந்து ஏறத்தாழ நாலரை இலட்சம் டன் அரிசியைத் தருவித்தார். பட்டினியால் மக்கள் கூட்டங்கூட்டமாக மடியவில்லை. மூன்றாண்டு கழித்து, 1876இல், சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று தமிழ் மக்கள் நினைவில் நின்றுவிட்ட அந்தப் பேரழிவின்போது இந்திய அரசின் பிரதிநிதியாகத் தெற்கே வந்தவரும் அதே டெம்பிள்தான். 1876 முதல் 1878 வரை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அன்றைய அரசு அமைத்த பஞ்ச ஆணைக்குழுவே மதிப்பிட்டது.

இரு நிகழ்வுகளையும் அப்படியே எதிரெதிரே நிறுத்துவது முறையாகாது. தெற்கின் வறட்சி பீகாரைவிடப் பரந்தது, கொடியது, நீண்டது. ஆயினும் ஓர் உண்மையை ஒதுக்க முடியவில்லை. பீகாரில் அரசுப் பணத்தை வீணடித்தார் என்று டெம்பிள் கடுமையாகக் கண்டிக்கப்பட்டிருந்தார். சிக்கனம் காட்டவேண்டும் என்ற கட்டளையோடு சென்னைக்கு வந்தார். வானம் செய்ததற்கும் அரசு செய்ததற்கும் இடையே பிரித்துப் பார்க்காமல் இந்த வரலாற்றை வாசிக்கவே இயலாது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: பஞ்சம் பற்றிய ஆய்விலும் ஆட்சியிலும் வரையப்பட்ட வேறுபாடுகள் எந்த வேலைக்காக வரையப்பட்டன, அந்த வேலையை அவை செய்தனவா? நுணுக்கமாகப் பிரித்தறிவது அறிவின் அடையாளம் என்று பொதுவாக எண்ணுகிறோம். பஞ்ச வரலாறு இந்த எண்ணத்தைத் திருத்துகிறது. ஒரே நுணுக்கம் ஓரிடத்தில் உயிர் காத்திருக்கிறது, இன்னோரிடத்தில் உயிர் பறித்திருக்கிறது. ஆகவே இரண்டு வகைக் கோடுகளைப் பிரித்துக்கொள்வது தேவை என்பது என் வாதம். ஒன்று, காரணத்தைக் கண்டறிய வரையும் கோடு. மற்றொன்று, யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்க வாயிலில் வரையும் கோடு. முதலாவதைச் சான்று கொண்டு எவ்வளவு கூர்மையாக்கினாலும் நல்லது. இரண்டாவதைச் சோதிக்கும் அளவுகோல் வேறு: அது தவறினால் இழப்பு யாருடையது?

மழை, மண், ஆறு

அறிவியல் பக்கத்தில் சிக்கல் குறைவு. அமெரிக்க ஆய்வாளர்கள் டொனால்ட் வில்ஹைட்டும் மைக்கேல் கிளான்ட்ஸும் 1985இல் வறட்சியை நான்காகப் பிரித்தனர்: மழை குறைவது வானிலை வறட்சி, பயிரின் வேருக்கு ஈரம் போதாமல் போவது வேளாண் வறட்சி, ஆறும் ஏரியும் நிலத்தடி நீரும் வற்றுவது நீர்நிலை வறட்சி, இவற்றால் மக்களின் பிழைப்பு குலைவது சமூகப் பொருளாதார வறட்சி. இவை ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும் என்பதில்லை. தஞ்சையில் மழை வழக்கம்போல் பெய்த ஆண்டிலும் குடகில் பெய்யாவிட்டால் குறுவை இல்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் அந்த நாளில் அணையைத் திறக்க முடியவில்லை. டெல்டா விவசாயி வானத்தைப் பார்ப்பதைவிட அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பது ஏன் என்பதற்கு இந்தப் பாகுபாடே விளக்கம்.

வறட்சியும் பஞ்சமும் வேறென்பதற்கு வலுவான அளவைச் சான்று 2019இல் வந்தது. காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் விமல் மிஸ்ராவும் உடன் ஆய்வாளர்களும் 1870 முதல் 2016 வரையிலான மண் ஈரப்பதத்தைக் கணினி மாதிரிகளால் மீட்டுருவாக்கினர். அக்காலத்தின் ஆறு பெரும் பஞ்சங்களில் ஐந்து மண் வறட்சியோடு ஒட்டிவந்தன. ஆறாவது ஒட்டவில்லை. அது 1943இன் வங்காளப் பஞ்சம். மறுபக்கத்தையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்: சுதந்திர இந்தியா கடும் வறட்சிகளைக் கண்டிருக்கிறது, 1970களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரம் கண்டது அவற்றுள் ஒன்று. ஆயினும் பத்து இலட்சக்கணக்கில் சாவு விழவில்லை. வறட்சியின்றிப் பஞ்சம் வந்ததும், பஞ்சமின்றி வறட்சி கடந்ததும் இரண்டுமே இந்த மண்ணில் பதிவானவை.

உணவு இருந்ததா, கிடைத்ததா?

1943ஐப் பற்றிய விவாதம் இந்தத் துறையின் மையம் என்பதால் இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும்.

1981இல் வெளியான ‘பாவர்ட்டி அண்ட் ஃபேமின்ஸ்’ நூலில் அமர்த்தியா சென் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். ஒரு நாட்டில் போதிய உணவு இல்லாமல் இருப்பது வேறு; சிலருக்குப் போதிய உணவு கிட்டாமல் போவது வேறு. முதலாவது இரண்டாவதற்கு ஒரு காரணமாகலாம், ஒரே காரணமாகாது. அவர் கணக்கின்படி 1943இல் வங்காளத்தில் கிடைத்த உணவு தானியம், முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 விழுக்காடு மட்டுமே குறைவு. பஞ்சமே இல்லாத 1941ஐவிட 13 விழுக்காடு கூடுதல். ஆனால் கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசி 1942 டிசம்பரில் 13, 14 ரூபாயாக இருந்தது, 1943 மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டியது. போர்ச்செலவு பணவீக்கத்தைத் தூண்டியது. ஜப்பானியர் வருவர் என்ற அச்சத்தில் அரசு கரையோரப் படகுகளைக் கைப்பற்றியது, அரிசியை அகற்றியது. வணிகர் பதுக்கினர். கூலி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. யார் செத்தார் என்று பார்த்தால் படம் தெளிகிறது. நிலமற்ற விவசாயக் கூலிகள், மீனவர்கள், படகோட்டிகள் முதலில் வீழ்ந்தனர். சொந்த நெல் வைத்திருந்த குடியானவர்களும் பங்குக்குப் பயிரிட்டவர்களும் ஒப்பளவில் தப்பினர்.

இந்த வாதம் சவாலின்றி நிற்கவில்லை. 1942 இறுதியில் நெற்பயிரைத் தாக்கிய பழுப்புப் புள்ளி நோயின் அழிவைச் சென் குறைத்து மதிப்பிட்டார் என்பது முக்கியமான மறுப்பு. தாவர நோயியலாளர் எஸ். ஒய். பத்மநாபன் 1943 அக்டோபரில் வங்காளத்தில் பணியேற்கச் சென்றவர். வழியெல்லாம் பிணங்களையும் சாகக் கிடந்தோரையும் கண்டவர். முப்பதாண்டு கழித்து, 1973இல், ஆராய்ச்சிப் பண்ணைகளின் விளைச்சல் பதிவுகளைக் கொண்டு அந்நோய் சில நெல்வகைகளை ஏறத்தாழ முற்றிலும் அழித்ததாக எழுதினார். வரலாற்றாய்வாளர் மார்க் டாகர் அதை மேலும் விரித்தார். சென் நம்பிய அரசு விளைச்சல் புள்ளிவிவரங்கள், விதைப்புக் காலத்து ஊகங்களை ஒட்டியவை, நம்பத்தகாதவை என்பது அவர் கருத்து. அயர்லாந்துப் பொருளியல் வரலாற்றாசிரியர் கோர்மாக் ஓ கிராடா இடைநிலை எடுக்கிறார். பற்றாக்குறை உண்மையில் இருந்தது. போரை முன்னிறுத்திய அரசு அதை ஈடுகட்ட மறுத்ததே அதைப் பேரழிவாக்கியது.

இரு தரப்பையும் எடைபோடும்போது, மறுப்பாளர்கள் சென்னின் எண்களை அசைத்திருக்கிறார்கள் என்பதை ஏற்கவேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு பண்ணைகளின் பதிவைக் கொண்டு ஒரு மாகாணத்தின் விளைச்சலைச் சொல்லிவிட முடியாது. சந்தேகத்துக்குரிய அரசுக் கணக்கைக் கொண்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் சென் வரைந்த கோடு அந்த எண்களை நம்பி நிற்கவில்லை. விளைச்சல் 5 விழுக்காடு குறைந்திருந்தாலும் 25 விழுக்காடு குறைந்திருந்தாலும், அந்தக் குறைவு எல்லார் இலையிலும் சமமாக விழவில்லை. போர்த்தொழிலாளர்களுக்கு விலை குறைத்து அரிசி கிடைத்த கல்கத்தா நகரில், அதே தெருக்களில், கிராமத்திலிருந்து வந்தவர்கள் விழுந்து கிடந்தனர். அந்தப் படங்களை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் 1943 ஆகஸ்ட் 22இல் வெளியிட்ட பிறகே பஞ்சம் மூடிமறைக்க முடியாத செய்தியானது. எவ்வளவு குறைந்தது என்பது விளைச்சல் பற்றிய கேள்வி. யாருக்குக் குறைந்தது என்பது கூலி, விலை, அதிகாரம் பற்றிய கேள்வி. முதலாவதில் தீர்ப்பு மாறினாலும் இரண்டாவது அப்படியே நிற்கும்.

சாவின் காரணம்

பஞ்சத்தில் பெரும்பாலோர் நேரடியாகப் பட்டினியால் சாவதில்லை. காலரா, வயிற்றுப்போக்கு, அம்மை, மலேரியா ஆகியவற்றால் சாகிறார்கள். 1876-78லும் அப்படித்தான், மழை திரும்பிய பின்னும் மெலிந்த உடல்களைக் காய்ச்சல் கொண்டுபோனது. வங்காளத்தில் பஞ்சச் சாவுகளில் பாதிக்கு மேல் 1943க்குப் பிறகு, தானிய நிலைமை சீரடையத் தொடங்கிய காலத்தில் நேர்ந்தவை. உட்ஹெட் தலைமையிலான விசாரணைக் குழு 15 இலட்சம் என்று சொன்ன சாவுக் கணக்கு, பிற்கால ஆய்வுகளில் 30 இலட்சத்தை ஒட்டி உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எந்தச் சாவு வரை பஞ்சத்தின் கணக்கில் எழுதுவது என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது.

நோய்ச் சாவையும் பட்டினிச் சாவையும் பிரிப்பது மருத்துவத்துக்குத் தேவையான நுணுக்கம். முகாமில் அரிசி மட்டும் கொடுத்துக் குடிநீரைக் கவனிக்காவிட்டால் சாவு குறையாது என்று அது கற்பிக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944-45இல் நடத்திய சோதனை இதற்கு மறைமுகச் சான்று. போருக்குச் செல்ல மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தனர், உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கை இழந்தனர். எந்நேரமும் உணவையே நினைத்தனர், சோர்ந்தனர், சினந்தனர். ஒருவரும் சாகவில்லை. தூய நீரும் கூரையும் மருத்துவரும் இருந்தன. அதே மெலிவோடு 1877இன் நிவாரண முகாமில் நின்ற கூலிக்கு இவற்றில் எதுவும் இல்லை. பசி கதவைத் திறந்துவிட, நோய் உள்ளே நுழைந்தது.

இந்த அறிவு அன்றே ஒருவரிடம் இருந்தது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். கடுமையான வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும் சிறு காசும் போதும் என்று டெம்பிள் கூலியைக் குறைத்தபோது, கார்னிஷ் எதிர்த்து எழுதினார். படுத்துக் கிடக்கும் உடல் உயிரோடிருக்கத் தேவையான உணவு வேறு, கல்லுடைக்கும் உடலுக்குத் தேவையான உணவு வேறு என்பது அவர் வாதத்தின் சாரம். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். டெம்பிளின் தரப்போ உடலியல் இன்னும் உறுதியாக நிறுவாத கொள்கைகள் என்று அதைத் தள்ளிவைத்தது. 1877 மார்ச்சில் சென்னை அரசு தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக்கிச் சிறிது பருப்பும் சேர்த்தது. இதற்கிடையே முகாம்களில் இறந்தவர்கள் திரும்பவில்லை.

கார்னிஷின் கோடு காரணத்தைக் கண்டறிய வரைந்தது. டெம்பிள் அறிவியலின் நிச்சயமின்மையை எடுத்து வாயிலில் வைத்தார். உறுதியாகத் தெரியாதபோது கூடுதலாகக் கொடுத்தால் கருவூலத்துக்கு நட்டம். குறைவாகக் கொடுத்தால் கூலிக்குச் சாவு. சந்தேகத்தின் பலனைக் கருவூலத்துக்குக் கொடுத்தது ஒரு தேர்வு. அது அறிவியலின் முடிவு போலத் தோன்றவைக்கப்பட்டது என்பதுதான் என்னைக் கலங்கவைக்கிறது.

இதே நகர்வு நம் காலத்திலும் தொடர்கிறது. பட்டினிச் சாவு என்று ஒரு குற்றச்சாட்டு எழுந்தால் மாவட்ட நிர்வாகம் முதலில் தேடுவது நோயின் பெயரை. காசநோய், மலேரியா, முதுமை. இரைப்பையில் சில பருக்கைகள் இருந்தால் பட்டினி இல்லை என்று அறிக்கை வரும். 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் குடும்ப அட்டை நீக்கப்பட்ட வீட்டில் ஒரு சிறுமி இறந்தபோது, குடும்பம் பசி என்றது, அரசு மலேரியா என்றது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதே மருத்துவம் சொல்லும் பாடம். ‘ஜன் ஸ்வாஸ்த்ய அபியான்’ என்ற மக்கள் நலவாழ்வு இயக்கத்தின் மருத்துவர்கள் இதற்கு மாற்று முன்வைத்தனர். ஒரு பிணத்தை அறுத்துப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். அந்த வீட்டில் கடந்த மாதங்களில் என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள், அந்த ஊரின் சாவு விகிதத்தையும் உடல் மெலிவையும் அளவெடுங்கள். தனியொரு சாவில் பிரிக்க முடியாததை ஊரளவில் பிரிக்க முடியும். எந்த அளவில் நின்று பார்க்கிறோம் என்பதும் வேறுபடுத்தும் கலையின் ஒரு பகுதிதான்.

அறிவிப்பு

தாது வருஷப் பஞ்சத்தின் பின் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையிலான ஆணைக்குழு 1880இல் அறிக்கை தந்தது; 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானது. அன்றைய உலகில் அது முன்னோடியான ஆவணம் என்பதை மறுக்க முடியாது. தானிய விலை ஏற்றம், கடன் கிடைக்காமை, மக்கள் ஊரைவிட்டுத் திரிவது, சில்லறைத் திருட்டுகள் பெருகுவது போன்ற முன்னறிகுறிகளைக் கவனிக்கச் சொன்னது. சோதனைப் பணிகளைத் திறந்து, கூட்டம் சேர்ந்தால் துயரம் உண்மையென்று கொள்ளச் சொன்னது. பற்றாக்குறை என்றும் பஞ்சம் என்றும் படிநிலைகளை வகுத்தது.

ஆனால் பஞ்சம் என்று அறிவித்துவிட்டால் அரசுக்குக் கடமைகள் பிறக்கும். 1943இல் வங்காளத்தில் அந்தத் தொகுப்பு கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை. பொறுப்பு ஆளுநராக இருந்த தாமஸ் ரூதர்ஃபோர்ட் வைஸ்ராய்க்கு எழுதிய விளக்கத்தின் சாரம் இது: தொகுப்பு விதிக்கும் அளவு உணவைக் கொடுக்க எங்களிடம் உணவில்லை, ஆகவே அறிவிக்கவில்லை. கடமையை நிறைவேற்ற முடியாது என்பதால் கடமை பிறக்கும் நிலையே இல்லை என்று கொள்ளப்பட்டது. வாயிற்கோட்டின் ஆபத்து முழுவதும் இந்த ஒரு கடிதத்தில் அடங்கியிருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு பஞ்சத்தின் இடத்தை வறட்சி அறிவிப்பு எடுத்துக்கொண்டது. 2016 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம், வறட்சியை அறிவிக்கத் தயங்கிய பீகார், குஜராத், ஹரியானா மாநிலங்களைக் கண்டித்து, வறட்சி மேலாண்மைக் கையேட்டைத் திருத்தச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த புதிய கையேட்டில் அளவுகோல்கள் தெளிவாயின, அறிவியல் தன்மை கூடியது. கூடவே வாயிலும் குறுகியது: ‘கடுமையான’ வறட்சி என்று நிறுவினால்தான் தேசியப் பேரிடர் நிதியைக் கோரலாம், ‘மிதமான’ வறட்சிக்கு மாநிலம் தன் கையிருப்பைப் பார்த்துக்கொள்ளவேண்டும். அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10இல் மாநில அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அதற்குள் டெல்டாவில் கருகிய பயிரைக் கண்டு பல விவசாயிகள் உயிரிழந்திருந்தனர். அவை வறட்சிச் சாவுகளா, மாரடைப்பா, சொந்தக் காரணங்களா என்ற வழக்கமான தகராறும் எழுந்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2014 அறிக்கையில் செய்த மாற்றமும் இந்த வரிசையில் சேரும். அதுவரை ஒன்றாக எண்ணப்பட்டவர்களை அது விவசாயிகள் என்றும் விவசாயக் கூலிகள் என்றும் பிரித்தது. விவசாயிகளின் தற்கொலை 5,650, கூலிகளின் தற்கொலை 6,710. ஆய்வுக்கு இந்தப் பிரிவினை மிகப் பயனுள்ளது, ஏனெனில் நிலமற்றவர்களின் துயரம் முதன்முறையாகத் தனியே தெரிந்தது. ஆனால் முந்தைய ஆண்டின் 11,772 என்ற மொத்த எண்ணோடு 5,650ஐ ஒப்பிட்டு விவசாயத் தற்கொலைகள் பாதியாகக் குறைந்தன என்று பேசியோரும் இருந்தனர். கூட்டினால் 12,360. துயரம் கூடியே இருந்தது.

உலக அளவில் இன்று பயன்படுவது ஐந்து படிநிலைகள் கொண்ட ஒருங்கிணைந்த உணவுப் பாதுகாப்பு வகைப்பாடு. 2004இல் சோமாலியாவுக்காக உருவானது. ஐந்தாம் நிலையான பஞ்சத்துக்கு மூன்று எல்லைகள்: ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவு மிகக் கடுமையாகக் குறைந்த நிலை, குழந்தைகளில் 30 விழுக்காட்டினர் கடுமையாக மெலிந்திருத்தல், பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு இருவர் சாதல். அரசுகள் விரும்பியபடி மறைக்கவோ மிகைப்படுத்தவோ முடியாதபடி பொது அளவுகோல் ஒன்று வேண்டும் என்ற நோக்கம் உயர்ந்தது. ஆனால் மூன்றாம் எல்லையைக் கவனியுங்கள். அது நிறைவேறும்போது மக்கள் ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிறார்கள். சோமாலியாவில் 2011 ஜூலையில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை அங்கு இறந்த ஏறத்தாழ 2,58,000 பேரில் பாதியளவினர் அறிவிப்புக்கு முன்பே இறந்துவிட்டனர் என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. எச்சரிக்கைகள் பல மாதங்களாக வந்துகொண்டிருந்தன. கொடையாளர்கள் ஐந்தாம் நிலைக்காகக் காத்திருந்தனர்.

2025 ஆகஸ்ட் 22இல் காசா ஆளுநரகத்தில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டபோது தகராறு அளவுநாடாவில் நின்றது. உயரத்துக்கேற்ற எடையை அளக்க முடியாத சூழலில் குழந்தைகளின் மேற்கைச் சுற்றளவை அளந்து, 15 விழுக்காடு என்ற எல்லையைக் கொண்டனர். எல்லையைத் தாழ்த்திவிட்டார்கள் என்று இஸ்ரேல் அரசு மறுத்தது. அந்த அளவுமுறை முன்பே விதிகளில் இருந்தது, வேறு நாடுகளிலும் பயன்பட்டது என்று வகைப்பாட்டுக் குழு பதிலளித்தது. முறையியல் பற்றிய கேள்வி முறையானதே. ஆனால் நுழைவாயில்கள் மூடப்பட்டு எடை பார்க்கவும் இயலாமற்போன இடத்தில், அளவு துல்லியமாக இல்லை என்பதை உணவு அனுப்பாமைக்கு வாதமாக்குவது டெம்பிள் செய்ததன் மறுபதிப்பு என்றே கருதுகிறேன்.

வீட்டின் கணக்கு

அதிகாரிகளும் ஆய்வாளர்களும் வரையும் கோடுகளுக்கு அப்பால், பசிக்கும் குடும்பமும் ஒரு கோட்டை வரைகிறது. சூடானின் தார்ஃபூரில் 1984-85 பஞ்சத்தை அங்கேயே தங்கி ஆராய்ந்த அலெக்ஸ் டி வால், 1989இல் வெளியான நூலில் இதை எடுத்துக்காட்டினார். அம்மக்களைப் பொறுத்தவரை பஞ்சம் என்பது முதன்மையாகப் பிழைப்பின் அழிவு. கால்நடையையும் விதையையும் காக்க அவர்கள் வேண்டுமென்றே பட்டினி கிடந்தனர். சாவு அதற்குப் பின் வரும் வேறொரு கட்டம். உதவி நிறுவனங்களோ சாவில்தான் பஞ்சத்தைக் கண்டன.

தமிழ்க் கிராமத்தை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. முதலில் ஒரு வேளை குறையும், குறைவது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் வேளை. பிறகு கைமாற்று, ஆடு விற்பனை, நகை அடகு, மாடு விற்பனை. விதைநெல்லில் கைவைப்பது கடைசி. ஊரைவிட்டுக் கிளம்பும்போது அந்தக் குடும்பம் ஏற்கெனவே தோற்றுவிட்டது. ஐந்தாம் நிலையின் எண்கள் எதுவும் இன்னும் எட்டப்பட்டிராது. பஞ்சத்தைத் தடுப்பதே நோக்கமென்றால் வாயிற்கோட்டை மாட்டுச் சந்தையின் விலைச் சரிவில் வரையவேண்டும். மாடு விலை விழுந்து தானிய விலை ஏறும் வாரம்தான் எச்சரிக்கை. 1883இன் தொகுப்புகூட இந்த அறிவுக்குச் சற்று நெருக்கமாக இருந்தது என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

பஞ்சத்துக்கும் அன்றாடப் பசிக்கும் இடையே இன்னொரு வேறுபாடும் உண்டு. பொருளியலாளர் ஜான் ட்ரேஸும் சென்னும் 1989இல் சுட்டிக்காட்டியது அது: பஞ்சத்தைத் தடுப்பதில் வென்ற சுதந்திர இந்தியா, அன்றாடப் பசியைப் போக்குவதில் வெல்லவில்லை. பஞ்சம் செய்தியாகிறது, ஆட்சியைக் கவிழ்க்கிறது. நாள்தோறும் அரைவயிறு உண்பது செய்தியாவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்; 19.3 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். முதலாவது நீண்டகாலக் குறைபாட்டின் தடம், இரண்டாவது அண்மைக்கால மெலிவு. வளர்ச்சி குன்றிய குழந்தை பார்வைக்கு நலமாகவே தெரியும். வயதைக் கேட்டால்தான் புரியும். வயிறு நிறைந்திருப்பதும் உடல் ஊட்டம் பெற்றிருப்பதும் வேறு என்பதை இரத்தசோகைக் கணக்கு சொல்கிறது: 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர். சோறு உண்டு, கீரையும் முட்டையும் கடைசியாக அமர்ந்தவள் தட்டுக்கு எட்டவில்லை.

வரையப்படாத கோடு

1997இல் இந்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தது. தமிழ்நாடு அந்தக் கோட்டை வரைய மறுத்தது. அரிசி வேண்டும் என்போருக்கு அரிசி அட்டை, வேண்டாதோருக்குச் சர்க்கரை அட்டை. தேர்வு குடும்பத்தின் கையில். 2011 முதல் அரிசிக்கு விலையும் இல்லை. 2016இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இணைந்தபோதும் அனைவருக்கும் என்ற ஏற்பாட்டை மாநிலம் விடவில்லை.

இதற்கான எதிர்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. வசதியுள்ளவர் பெறும் அரிசிக்கும் அரசுப் பணம் போகிறது. எல்லை தாண்டிக் கடத்தப்படும் அரிசியும் உண்டு. பொருளியலாளர்கள் ஜொவானி கோர்னியாவும் பிரான்சிஸ் ஸ்டூவர்ட்டும் 1993இல் இந்தச் சிக்கலை இரு பிழைகளாகப் பகுத்தனர்: தேவையற்றவரைச் சேர்த்துக்கொள்ளும் பிழை, தேவையுள்ளவரை விட்டுவிடும் பிழை. ஒன்றைக் குறைக்கக் கோட்டை இறுக்கினால் மற்றது பெருகும். சேர்க்கும் பிழையின் விலை பணம், அதைப் பலர் சிறிது சிறிதாகப் பகிர்கிறார்கள். விடும் பிழையின் விலையை ஒரே குடும்பம் முழுதாகச் செலுத்துகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தும் செலவுக் கணக்கு எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. வறுமையை ஆராய்வோர் வறியவரை எத்தனை வகையாகவும் பிரிக்கட்டும். நியாயவிலைக் கடை வாசலில் அந்த நுணுக்கத்துக்கு வேலை குறைவாக இருப்பதே நல்லது.

ஆயினும் கோடு முற்றிலும் மறைந்துவிடவில்லை. அட்டை முகவரியோடு கட்டுண்டது. திருப்பூரில் தைக்கும் ஒடியாத் தொழிலாளிக்கு அவர் ஊரின் அட்டை இங்கே செல்லும் என்ற ஏற்பாடு அண்மையில்தான் வந்தது, அதுவும் அட்டை உள்ளவருக்கு மட்டும். 2013ஆம் ஆண்டின் சட்டம் மூன்றில் இரு பங்கு மக்களுக்குத் தானியம் என்றது, ஆனால் அந்தப் பங்கை 2011 மக்கள்தொகைக் கணக்கின் மேல் நிறுத்தியது. மக்கள்தொகை வளர, பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்படாமல் இருப்பதாக ட்ரேஸும் ரீத்திகா கேராவும் 2020 ஊரடங்கின்போது கணக்கிட்டனர். 2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டிருக்கிறது. சொந்த நிதியில் கூடுதல் அட்டை வழங்கும் மாநிலங்கள் சில உண்டு. மற்றவற்றில், ஒருவர் பெயர் நீங்கினால்தான் இன்னொருவர் பெயர் ஏறும் என்ற நிலையில் புதுக் குடும்பங்கள் காத்திருக்கின்றன. சட்டத்தைத் திருத்தாமலே, மதிப்பிடப்பட்ட மக்கள்தொகையைக் கொண்டு மாநில ஒதுக்கீட்டை உயர்த்தலாம் என்ற பொருளியலாளர்களின் கோரிக்கைக்கு ஒன்றிய அரசு இன்னும் இணங்கவில்லை.